பத்து நிமிடப் பெரட்டு

லிந்துலை டவுனில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாற்பத்திரண்டு அடி தள்ளி, முன்பு டெய்லர் கடை இருந்த கட்டடத்தில் பிரேமினி ஹோட்டல் போட்டாள். மேசை ஆறு, நாற்காலி இருபத்துநான்கு. சுவருக்கு இளம்பச்சை. பலகையில் மகளின் பெயர், 'ஷாமிலா ஹோட்டல்'.

அதற்கு முன் ஏழு வருடம் அவள் கொழும்பில் ஒரு கம்பனிக் கேன்டீனில் சமைத்தாள். கணவன் கட்டாரில் வேலை. பிள்ளை தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், பிரேமினியின் அம்மா அப்பாவோடு வளர்ந்தது. போன தீபாவளிக்கு லீவில் வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஷாமிலா கேட்டது: "எப்பம்மா போறீங்க?"

அந்தக் கேள்விக்காகப் போட்ட ஹோட்டல்தான் அது. கேன்டீன் முதலாளி நல்ல மனிதர். "ஜனவரி வரைக்கும் ஒன் எடத்துக்கு ஆள் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் ஹோட்டல் காலூன்ற வேண்டும். இல்லையென்றால் மறுபடி கொழும்பு, மறுபடி அதே கேள்வி.

குடும்பமே இறங்கியது. இடியப்பமும் சொதியும் அம்மா பேச்சியம்மாவின் பொறுப்பு. ரொட்டி அக்கா கிருஷாந்தியின் கையில். நூறு ரொட்டி தட்டினாலும் ஒன்று மற்றதைவிட அரை விரல் பெரிதாக இராது. கறி எல்லாம் பிரேமினி. அவளுடைய கோழிக் கறியை ஒருமுறை சாப்பிட்டவர் இரண்டாம் முறை வராமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்தக் காரணம் கல்லாவில் உட்கார்ந்திருந்தது.

அப்பா நல்லமுத்து முப்பத்தொரு வருடம் கொழுந்துக் கங்காணியாக இருந்தவர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, எண்ணி, நேரத்துக்கு மலையேற்றியவர். வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் யாரோடும் அதிகம் பேசாமல் சும்மா இருந்தார். ஹோட்டல் திறந்த அன்று நாலரைக்கே முகம் சவரம் செய்து, பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் குடையோடு வந்து நின்றார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, 'நீங்க வீட்ல இருங்கப்பா' என்று சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்?

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்த டீச்சரிடம், "இது என்னா நேரம்மா வர்றதுக்கு? இடியப்பம் ஏழு மணிக்கே ரெடி" என்றார். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தவரிடம், "பாதி வேலக்கி அரப் பேருதான் விழும்" என்றார். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலி மட்டும் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள். பால் விடாத பிளேன்டி ஒன்றை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போன் பார்த்த பொடியனின் மேசையில் குடையால் தட்டி, "கொழுந்து எடுக்க வந்தியா, மலைய வேடிக்க பாக்க வந்தியா?" என்று கேட்டார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை எதிர்க் கடைக்குப் போனார்கள். நவம்பர் நடுவில் இருபத்துநான்கு நாற்காலியில் ஐந்து நிறைந்தால் அன்று நல்ல நாள்.

பிரேமினிக்கு ஒரு வழி தெரிந்தது. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குப் போகும் பிரைவேட் பஸ் காலை ஏழு ஐந்துக்கு லிந்துலைக்கு வரும். அது பத்து நிமிடம் நின்றால் போதும். மூன்று காலை தொடர்ந்து போய் டிரைவர் விமலசிறியிடம் கேட்டாள். தங்கையைச் சிங்களத்தில் அழைக்கிற மாதிரி அவளை 'நங்கி' என்பார் அவர்.

"சாப்பாடு நல்லாதான் இருக்கும் நங்கி. ஆனா ஆளுங்க எறங்கினா திரும்ப ஏறமாட்டாங்க. பத்து நிமிசம்னு சொன்னா இருவத்தஞ்சு நிமிசம். அதுனாலதான் நா எங்கயும் நிறுத்துறது இல்ல."

"ஒரு நாள் நிறுத்திப் பாருங்கண்ணே."

"ஹரி, பாப்போம். புதன்கெழம. பதினோராவது நிமிசம் நா போயிருவேன். ஒரு ஆள் லேட்டானாலும் அதோட முடிஞ்சிச்சு."

புதன்கிழமை அப்பாவை அப்புறப்படுத்த வேண்டும். "ஹட்டனுக்குப் போயி நல்ல தராசு ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்கப்பா. உங்க கண்ணுக்குத்தான் நெறுவ பிடிபடும்" என்றாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆறரைக்கே கிளம்பினார்.

"அப்பாவ ஏமாத்துறியா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு நாளைக்குத்தானக்கா."

ஆனால் அன்று ஹட்டன் பஸ் வரவில்லை. ஏழு ஐந்துக்குக் கொழும்பு பஸ் வந்து நின்றபோது, நாற்பத்திரண்டு அடி தூரத்தில் கோட்டும் குடையுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார்.

இறங்கியவர்கள் முப்பத்தேழு பேர். சிலர் சிகரட்டுக்கு, சிலர் முகம் கழுவ, சிலர் போட்டோ எடுக்க என்று சிதறினார்கள். வரிசையில்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நல்லமுத்துவால் முடியுமா? குடையைத் தூக்கினார்.

"சாப்புடுறவங்க உள்ள. மேசைக்கு நாலு பேரு. பார்சல்காரங்க வாசல்ல வரிசையா நில்லுங்க. பொட்டப்புள்ளைங்க மொதல்ல கை கழுவட்டும்."

ஏன் எதற்கென்று தெரியாமலே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே பிரேமினி கறியை அள்ளி அள்ளி ஊற்றினாள். அப்பாவை நிறுத்தச் சொல்ல நேரமில்லை. தட்டுகள் போய்க்கொண்டே இருந்தன.

"இன்னும் ஆறு நிமிசம்" என்றது வாசலில் குரல். பிறகு, "மூணு நிமிசம்." மலைப்பக்கம் போனை நீட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "தம்பி, மல எங்கயும் போவாது. பஸ்ஸு போயிரும்."

ஒன்பதாவது நிமிடம் அவர் பஸ்ஸின் படியருகே நின்று தலை எண்ணினார். முப்பத்தேழு. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கண்டக்டரும் ஏறிவிட்டார். டிரைவர் சீட் மட்டும் காலி.

அப்பா ஹோட்டலுக்குள் வந்தார். விமலசிறி அப்போதுதான் இரண்டாவது டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிசமாச்சு டிரைவர். ஆளுங்க எல்லாம் ஏறியாச்சு, இன்னும் என்னா டீ?"

பிரேமினி அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

விமலசிறி கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே நிறைந்திருந்த பஸ்ஸைப் பார்த்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"அரப் பேருதான் விழும்" என்றார் அப்பா, தம்ளரைக் காட்டி.

பக்கத்துத் தோட்ட ஊரான தலவாக்கலையில் பிறந்து வளர்ந்த விமலசிறிக்கு அது விளங்காமல் இருக்குமா? சிரித்த சிரிப்பில் குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடுப்படிக்குள் தலையை நீட்டினார்.

"நங்கி, நாளைக்கும் நிப்பாட்டுறேன். ஆனா இந்தக் கங்காணி ஐயா வெளிய நிக்கணும். அவரு இல்லாட்டி நா இல்ல."

பஸ் போனதும் அப்பா கேட்டார்: "தராசு நாளைக்கு வாங்கவா?"

"தராசு வேணாம்பா. நாளைக்கு நீங்க எங்கயும் போகப்படாது. கல்லாவ அக்கா பாக்கட்டும். நீங்க வெளிய பெரட்டப் பாருங்க."

மறுநாளிலிருந்து கல்லாவில் கிருஷாந்தி. நேரம் கழித்து வந்தாலும் யாரும் ஏசுவதில்லை என்று தெரிந்ததும் டீச்சர் திரும்பி வந்தார். எட்டாம் நாள் ஆறே முக்காலுக்கு இன்னொரு கொழும்பு பஸ்ஸும் நின்றது. இரண்டையும் அனுப்பிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பிரேமினி கேன்டீன் முதலாளிக்குப் போன் எடுத்தாள்.

"வேற ஆள் பாத்துக்கங்க சார். நா வரல."

ஸ்கூல் யூனிபோர்மோடு ரொட்டி தின்றுகொண்டிருந்த ஷாமிலா நிமிர்ந்தாள். "அப்ப நீங்க போகலியாம்மா?"

"போகல."

"பொங்கலுக்கு அப்பறமும்?"

"அப்பறமும்தான்."

பிள்ளை இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தது. வாசலில் குடை தட்டும் சத்தம் கேட்டது.

"ஏழு பதினெட்டு" என்றார் நல்லமுத்து. "ஏழரைக்கு ஸ்கூல் மணி. சந்தோசத்த சாயங்காலம் வச்சுக்கலாம், கெளம்பு."