தேங்காய்க்கு அடியில் இருந்த புத்தகம்

புனேயில் பாடத்திட்டம் மாறிய வருடம், எங்கள் வட்டார ஆசிரியர்களுக்கான பயிற்சியைத் திட்டமிட்டவள் நான். புதிய அறிவியல் புத்தகம் ஐந்து பிரதிகள்தான் வந்திருந்தன. அறுபது ஆசிரியர்களுக்கு அது எப்படிப் போதும்? ஐந்தையும் வண்ணத்தாள் சுற்றி, சால்வை, தேங்காயோடு மேடை விருந்தினர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்!

தொடக்க விழா முடிந்து விருந்தினர்கள் டீ குடிக்கப் போனார்கள். கடக்வாஸ்லாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஓர் ஆசிரியை மேடையேறி, நாற்காலியில் தேங்காய்க்கு அடியில் கிடந்த புத்தகத்தை உருவினார். காலையில் பெயர் பதியும்போது என் ஊரைக் கேட்டுவிட்டு, "நானும் மதுரைதாங்க" என்று என்னிடம் சிரித்தவர்.

எனக்கு வந்ததே கோபம். "மேடம், அது கெஸ்ட்டுக்கு! கீழே வையுங்கள்!" என்று மைக்கிலேயே இந்தியில் கத்தினேன். மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் என் அருகில் வந்து தமிழில் கேட்டார்.

"அந்த கெஸ்ட்டு எந்த கிளாஸுக்குங்க பாடம் எடுக்குறாரு? ஸ்கூல் தொறந்ததும் பிள்ளைங்க முன்னாடி நான்தான நிக்கணும்?"

மீதி நான்கையும் நானே எடுத்துவந்து ஆசிரியர்களிடம் கொடுத்தேன்.

பாடம் நடத்துகிறவருக்குப் புத்தகம் இல்லை, ரிப்பன் வெட்டுகிறவருக்கு உண்டு. அந்த அநியாயத்தைச் செய்தது வேறு யாரோ அல்ல, நான்தான். இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் அவரை ஊருக்கே கேட்கும்படி அதட்டினேன். அவர் எனக்கு மட்டும் புரியும்படி கேட்டார்.