சலூன் சுவரில் அட்டைப்படம்

எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் எந்தப் பெண்ணும் நேராக நின்று போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. உடம்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். தோளுக்கு மேல் திரும்பி, மோவாயை லேசாகத் தூக்கி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி ஒரு பார்வை. எல்லாம் ரயில் நிலைய வாசல் கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய பத்திரிகை அட்டைகள் செய்த வேலை. அட்டையில் பஃப் கை வந்தால் தெருவெல்லாம் பஃப் கை. தையற்காரரிடம் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். படத்தில் இருப்பவள் ஒல்லி, நாம் அப்படியில்லை என்பதெல்லாம் அவர் தலைவலி.

நானும் அந்தக் கும்பலில் ஒருத்திதான். ஒரே வித்தியாசம், ஒரு வாரம் நானே அந்தக் கயிற்றில் தொங்கினேன்.

கிண்டியில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு மனு போட பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. நான் போன ஸ்டூடியோக்காரர் பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு அட்டைப்படம் எடுத்து அனுப்புகிறவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வாம்மா, உன்னை ஒரு படம் எடுக்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவிடம் கேட்க அம்மாவை அனுப்பினேன். அப்பாவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட் கடை. நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிப் போன குடும்பம் எங்களுடையது. பாதி ஊருக்கு அவரைத் தெரியும் என்பதால் அந்தப் பாதி ஊருக்கும் அவர் பயப்படுவார். யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்றார். அது பெண்கள் படிக்கிற புத்தகம், வீட்டுக்குள் வரும், வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. பெயர் மட்டும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஸ்டூடியோக்காரரின் மனைவி என் பின்னலை அவிழ்த்து, முகத்தில் பூசு பூசென்று பூசி, ஒரு பச்சைத் துப்பட்டாவைப் போர்த்திவிட்டார். அட்டை அச்சாகி வந்தபோது நானே அசந்துவிட்டேன். நான் நல்ல மாநிறம். அட்டையில் இருந்தவள் பால்கோவா. உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி ஓர் இழை வெளியே வந்திருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காது உன்னுதுதான் என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சொன்னால்தான் தெரிகிறது என்றார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு முறை பார்த்தார். அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

சில மாதங்களில் கிண்டி வேலை கிடைத்தது. ஆறு மாதம் வேலை பழகும் காலம், அதில் ஒழுங்காக வராதவர்களை நிறுத்திவிடுவோம் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். எலெக்ட்ரிக் ரயிலில் லேடீஸ் பெட்டியில் நசுங்கிப் போய்வருவது எனக்குச் சொர்க்கமாக இருந்தது. அந்த வேலைக்கு முன்னால் நான் தனியாகப் பல்லாவரம்கூடப் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்துகொள்ளப் போன அப்பா, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையுமாகத் திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. மிச்சக் கன்னத்தைத் தானே மழித்து, கீறிக்கொண்டு, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். சலூன்காரர் பழைய பேப்பர் கடையில் வாங்கிய அட்டைகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சினிமா நடிகைகளுக்கு நடுவில் நான். ஊரில் உள்ள ஆம்பிளையெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறான்.

பிறகு என்னிடம் வந்தார்.

"அந்தப் படம் அங்க கீற வரைக்கும் நீ வேலைக்குப் போவ வாணாம்."

சலூன் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். அப்படியானால் எடுக்கச் சொல்லுங்களேன் என்றேன். எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பான், சொன்னால் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும் என்றார். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினோம். இன்னும் நாலு நாள் போனால் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். கேட்டது ஒரு படம், அதுவும் இவர் சரி என்று சொன்ன பிறகு எடுத்தது. தண்டனை மட்டும் எனக்கா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கடையில் இருந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சலூனுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்கள் சலூன் படியேறியதில்லை. திரையை விலக்கியதும் உள்ளே பேச்சு நின்றது. பெஞ்சில் பேப்பர் படித்தவர்கள், நாற்காலியில் துணி போர்த்தியிருந்தவர் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சலூன்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கடைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பார்க்கிறவர்தான்.

"வாம்மா. அப்பாவுக்கு இன்னா ஆச்சி? பாதியில எழுந்து பூட்டாரே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நான் சுவரைக் காட்டி, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். எந்தப் படம் என்றார். பச்சைத் துப்பட்டா என்றேன். அவர் அதைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார் சலூன்காரர்.

கிண்டலா என்று முகத்தைத் தேடினேன். கிண்டல் இல்லை. பெஞ்சில் இருந்த ஒருவர், பம்பாய்ப் பெண் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். அந்த இடத்தில் காரை பெயர்ந்து கிடக்கிறது, அதை மறைக்கத்தான் ஒட்டினேன், வேண்டுமானால் கிழித்துக்கொண்டு போ, அதே அளவில் வேறொன்று கொண்டுவந்து கொடு என்றார் சலூன்காரர். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்ததென்னவோ கோபம். அவ்வளவு பூசி, அவ்வளவு திருப்பி, கடைசியில் பெயர்ந்த காரையை மறைக்கவா? இருக்கட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். சலூனுக்கா போனாய் என்று கேட்டவரின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. விடாமல் முழுவதையும் சொன்னேன். படத்துக்குக் கீழேயே நின்றேன், தினமும் பார்க்கிறவருக்கே அது நான் என்று தெரியவில்லை, நீங்கள் அனாவசியமாக என்னை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தீர்கள் என்றேன். ஒருத்தனுக்குமா தெரியவில்லை என்று கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, திங்கட்கிழமை வேலைக்குப் போ என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அம்மாவே காதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. நீங்க வீட்டுல ஒரு தடவைதான் பார்த்தீங்க. அங்க உங்க மூஞ்சியெல்லாம் சோப்பு, படமும் எதிர்க் கண்ணாடியில தெரிஞ்சதுதான். உங்களுக்கு மட்டும் அது நான்தான்னு எப்படிப்பா தெரிஞ்சுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுல நீ பயந்துக்கினு கீற. அவனுங்க நடுவுல உன்னை அப்படி வுட்டுட்டு நான் எப்படி ஒக்காந்துகினு ஷேவிங் பண்ணிக்கிறது?"

அந்த ஸ்டூடியோ விளக்குகளுக்கு முன்னால் எனக்குக் கால் நடுங்கியதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.