வாடை அடங்கட்டும், மாப்ள

எனக்குப் பயம் வந்தால் முதலில் போவது காதுதான். கை நடுங்குவது, நாக்கு குழறுவது எல்லாம் அதற்குப் பிறகு வரிசையில் வரும். காது போய்விட்டால், எதிரில் இருப்பவர் சொல்வது ஒன்று, எனக்குள் இறங்குவது வேறொன்று. இந்த வியாதியையும் கூட்டிக்கொண்டுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் புது மனைவியோடு தலைதீபாவளிக்குக் கிளம்பினேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். இதற்கு மேல் தரை இல்லையப்பா என்று அந்த பஸ் நின்றுவிடுகிற இடத்தில் மாமனார் வீடு. வாசல் தாண்டினால் மணல், மணல் தாண்டினால் கடல்.

வறண்ட காட்டில் வளர்ந்தவனுக்குக் கடலோரத்தில் எப்படிப் பெண் கிடைத்தது? உப்பால் கிடைத்தது. நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தேன். அய்யலூர்ச் சந்தையில் கைமாறிய ஆடு கறிக்கடைக்குப் போகும். அங்கிருந்து தோல் மட்டும் தனியே எங்களிடம் வரும். வந்ததும் விரித்துப் போட்டு, உப்பைக் கொட்டித் தேய்த்து, அடுக்கிவிட வேண்டும். உப்புப் படாத தோல் மறுநாளே ஊரைக் கூட்டிவிடும். அந்த உப்பை லாரியில் கொண்டுவந்த வியாபாரிதான் எனக்குப் பெண்ணையும் பார்த்துக் கொடுத்தார். "பையன் தங்கம்" என்று அங்கே சொன்னார். "பொண்ணு வீட்டு வாசல்லயே கடல் கெடக்கு" என்று இங்கே சொன்னார். இரண்டாவது மட்டும் உண்மை.

தோல் மண்டிக்காரனுக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. அவன் மேல் அடிக்கிற வாடை அவனுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் வாடை என்றால் நாற்றம். முகத்துக்கு நேரே நாற்றம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் வாடை என்பார்கள். டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தால் எனக்கு வேர்க்கும். வேர்த்தால் வாடை கூடுமே என்று இன்னும் கொஞ்சம் வேர்க்கும்.

புறப்படும்போது அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து உத்தரவு போட்டாள். "ஏலே, தீபாவளி முடிஞ்ச கையோட அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் வாரணும். தனியா வந்து நின்னேன்னு வையி, தெருவுல என்னால பதில் சொல்ல முடியாது."

அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. முந்தின வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன் தலைதீபாவளிக்குப் போய்விட்டு ஒற்றை ஆளாகத் திரும்பினான். பெண்ணுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான் விஷயம். தெரு அதை நம்பவில்லை. தண்ணீர்க் குழாயடியில் விசாரணை நடந்து, சாட்சிகள் பேசி, அவன் மேல் குற்றம் உறுதியாகிவிட்டது. எனவே மனைவியோடு திரும்புவது என்பது எனக்கு மானப் பிரச்சினை.

மாமனார் வீட்டுக்குச் சீராக இரண்டு பொருள் கொண்டுபோனேன். ஒன்று பெரிய திண்டுக்கல் பூட்டு. இன்னொன்று ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். பழத்தை வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தேன். அதன் மணம் என்னை மூடிக்கொள்ளும் என்று கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாமனார் மணலில் நின்றுகொண்டிருந்தார். வாங்க என்று சொல்வதற்கு முன்னால் முகத்தை மேலே தூக்கினார். கண்ணை மூடினார். மூக்கை விரித்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"வாடை வந்துருச்சு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க மாப்ள. நீங்க வாரதும் வாடை வாரதும் சரியா இருக்கு."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "எனக்கு அடுப்படியிலயே தெரிஞ்சுபோச்சுங்க!"

அடுப்படி வீட்டின் பின்பக்கம் இருந்தது. அங்கேவரைக்குமா போயிருக்கிறது? என் காது அந்த நிமிஷமே போய்விட்டது. செருப்பைக் கழற்றியவன் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே இல்லை. கல்லால் உடம்பைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் குளித்தேன்.

இந்தக் கவலையை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தால், அந்த வீட்டைப் போல ஒரு வீடு உலகத்தில் கிடையாது. பூட்டை எடுத்துக் கொடுத்தேன். மாமனார் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம். இந்த வீட்டுல எதப் பூட்டுறது மாப்ள, கடலையா?" என்றார். கதவு என்று ஒன்று இருந்தது. யாரும் அதைச் சாத்திப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் திண்டுக்கல் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்காக வந்து, பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து மீன் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். யார் வீட்டு மீன், யார் வீட்டுச் சட்டி என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியும். காலையில் மீன், மதியம் மீன். சாயங்காலம் ஒரு மாறுதலுக்கு நண்டு. எங்கள் வீட்டில் வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. அங்கே சோற்றைத்தான் மீனுக்குத் தொட்டுக்கொண்டார்கள்.

என் கொழுந்தியாள், மனைவியின் தங்கை, ராமநாதபுரத்தில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேலி செய்வதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டாள். அலை வந்தால் நான் பின்னால் ஓடுவேன், அலை போனால் முன்னால் போவேன். "மச்சான், அது ஒண்ணும் செய்யாது. கட்டித்தான் போட்ருக்கோம்" என்பாள். தீபாவளியன்று விடிவதற்கு முன் அத்தை என் தலையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை ஊற்றினார். எண்ணெய் முகத்தில் வழிய, வெடிச்சத்தமும் அலைச்சத்தமும் மாறிமாறிக் கேட்க, மனையில் உட்கார்ந்து, ஆகா வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மாமனார் வாசலில் யாரிடமோ சத்தமாகச் சொன்னார்: "இந்த வருஷம் வாடை கொஞ்சம் கடுமைதான்."

எண்ணெய் போக சீயக்காய் தேய்த்த பிறகும் நான் இன்னும் ரெண்டு வாளி ஊற்றிக்கொண்டேன்.

அன்று இரவு படுக்கும்போது மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, வாடை அம்புட்டா அடிக்குது?"

"பின்ன அடிக்காதா? முந்தி இதவிட அடிச்சிருக்கு. எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. நீங்க நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுங்க."

இழுத்துப் போர்த்தினேன். ஓர் இணுக்கு வாடைகூடக் கசியாதபடி காலையும் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. முந்தி இதைவிட அடித்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த தோல் மண்டிக்காரன் யார்?

தீபாவளி முடிந்தது. எனக்கு லீவும் முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம், "மாமா, நாளைக்குக் கெளம்பலாம்னு இருக்கோம்" என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார்.

"நீங்க போறதுன்னா போய்ட்டு வாங்க மாப்ள. புள்ளையத்தான் இப்ப அனுப்ப முடியாது" என்றார் மாமனார்.

"ஏன் மாமா?"

"எம் மச்சினன் வரணும்ல. தாய்மாமன் வந்து சீரு குடுத்து அனுப்புறதுதான் எங்க மொறை."

"அவர வரச்சொல்ல வேண்டியதுதான?"

அத்தை பெருமூச்சு விட்டார். "எந் தம்பி எப்படி வருவான்? வாடை இருக்குற வரைக்கும் அவன் இங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான். அவனுக்கு வாடைன்னாலே ஆகாது."

"வாடை அடங்கட்டும் மாப்ள" என்று முடித்தார் மாமனார். "அடங்கிருச்சுன்னா மறுநாளே கூட்டிட்டுப் போங்க. யாரு வேணாங்குறா?"

நான் எழுந்துவிட்டேன். எழுந்தேனா, எழுந்த மாதிரி நினைத்துக்கொண்டேனா தெரியாது. கண் முன்னால் எங்கள் தெருத் தண்ணீர்க் குழாயடி வந்து நின்றது. அங்கே சாட்சிகள் குடத்தோடு தயாராக இருந்தார்கள். என்ன குற்றம்? மாப்பிள்ளை மேல் அடித்த வாடையில் பெண்ணின் தாய்மாமன் வீட்டுப்படி ஏற மறுத்துவிட்டார்!

அடுத்த நாள் காலையிலிருந்து போரில் இறங்கினேன். சந்தன சோப்பு. அதன் மேல் மஞ்சள். மஞ்சளின் மேல் எலுமிச்சைத் தோல். எல்லாவற்றின் மேலும் முகப்பவுடர், முதுகு வரைக்கும். கொழுந்தியாள் கிணற்றடியை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அக்கா, ஒம் புருசன் மறுபடியும் குளிக்கிறாரு. கெணத்துல தண்ணி கெடக்கான்னு பாத்துக்க!" வாசலுக்கு வந்து நின்றால் மாமனார் வானத்தைப் பார்த்து, "ம்ஹூம். வாடை கொறையக் காணோம்" என்றார்.

அப்போதுதான் எனக்குள் இருந்த தொழில்காரன் விழித்தான். அட மடையா, தோலின் வாடையை அடக்க நாங்கள் என்ன செய்கிறோம்? சோப்பா போடுகிறோம்? உப்புப் போடுகிறோம். எதிரே பார்த்தேன். உலகத்து உப்பெல்லாம் அங்கேதான் கரைந்து கிடந்தது.

சாயங்காலம் யாரும் பார்க்காத நேரமாக நடந்து போனேன். வேட்டியைக் கரையில் வைத்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்து, அண்ட்ராயரோடு கடலுக்குள் இறங்கினேன். அலைக்குப் பின்வாங்கி ஓடுகிற நான் இடுப்பளவுக்குப் போய்விட்டேன். அந்தக் காற்றில் அலை எருமை மாதிரி வந்து முட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோலைப் புரட்டுகிற மாதிரி என்னை நானே புரட்டினேன். முதுகுப் பக்கம் ஒரு முக்கு, வயிற்றுப் பக்கம் ஒரு முக்கு. மூன்றாவது முக்கில் கால் தரையைக் காணவில்லை.

கரையில் யாரோ அலறினார்கள். "ஏய், திண்டுக்கல் மாப்ள கடல்ல விழுந்துட்டாருடோய்!"

அரைஞாண் கயிற்றில் ஒரு கை மாட்டியது. மாமனாரின் கை. என்னைக் கருவாட்டுக் கூடை மாதிரி இழுத்து மணலில் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. மனைவி அழுதுகொண்டு ஓடி வந்தாள்.

"என்ன மாப்ள இது? புள்ளைய அனுப்பலன்னா இப்படியா செய்வீங்க?" மாமனாருக்கு மூச்சு வாங்கியது.

"அதுக்கில்ல மாமா." வாயிலிருந்த கடலைத் துப்பினேன். "வாடை போறதுக்குத்தான்."

"கடல்ல முங்குனா வாடை போவுமா?"

"வேற எப்படி மாமா போகும்? அம்புட்டு சோப்பும் போட்டுப் பாத்துட்டேன்!"

அவர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார். மூளைக்குத் தண்ணீர் ஏறிவிட்டதோ என்று. "வாடைக்கு எதுக்கு மாப்ள சோப்பு? அது தானா வரும், தானாப் போவும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து வருது."

"நான் தோல் மண்டியில சேந்தே கொஞ்ச வருசந்தான மாமா ஆச்சு!"

மாமனார் என் கண்ணிலிருந்து கையை எடுத்தார். காற்று வடக்கேயிருந்து வந்து எல்லோருடைய சேலையையும் வேட்டியையும் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. கொழுந்தியாள் முதலில் அந்தக் காற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்தாள். பிறகு உருண்டாள்.

"அப்பா! மச்சான் அவரு மேல அடிக்கிற வாடைன்னு நெனச்சுட்டாருப்பா!"

வாடைக்காற்று. பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். பயம் அதை நினைக்க விட்டால்தானே. வடக்கேயிருந்து வருவதைக் கடற்கரையில் காற்று என்று பின்னால் சேர்க்காமல் வாடை என்றே சொல்வார்கள் என்பதையும், மேற்கேயிருந்து வந்தால் அதற்குப் பெயர் கச்சான் என்பதையும் மாமனார் அங்கேயே, ஈரத்தோடு, விளக்கிச் சொன்னார். தெற்கே ஒரு தீவில் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்த தாய்மாமன், எதிர்க்காற்றில் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் சிரித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த மனைவி அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு வழி?

மறுநாள் காற்று விழுந்தது. அடுத்த நாள் வள்ளம் கரை தொட்டது. தாய்மாமன் கரையில் கால் வைப்பதற்குள் கதை அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கழுத்தில் துண்டும் கையில் ஓலைப்பெட்டியுமாக நேரே என்னிடம் வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். என் தோளில் மூக்கை வைத்து நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"அக்கா, இது வாடை இல்ல" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள மேக்கேருந்துதான வந்தாரு? இது கச்சான்!"

இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்குக் கச்சான் மாப்பிள்ளை என்றுதான் பெயர். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

தாய்மாமன் புடவை வைத்துக் கொடுத்து, அக்கா மகளை ஆசீர்வாதம் செய்து, அந்த ஓலைப்பெட்டியையும் எங்கள் தலையில் கட்டினார். உள்ளே கருவாடு. மதுரை வரைக்கும் எங்கள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு வேர்க்கவில்லை.

திண்டுக்கல்லில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று நான் மனைவிக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். அம்மா வாசலில் நின்று முதலில் என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். முகம் விரிந்தது. அடுத்த விநாடி மூக்கும் விரிந்தது.

"ஏலே, என்னலே இது, இம்புட்டு வாடை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அங்க அடங்கிருச்சு அத்தை. இப்பத்தான் இங்கிட்டுத் திரும்பிருக்கு."