வெற்றிலை வாடாமல் இருபத்தாறு மைல்

கோரிப்பாளையத்திலிருந்து சோழவந்தானுக்கு ஓடிப்போய், அங்கே ஒரு கட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டு அதே சாலையில் திரும்பி ஓடிவரும் பந்தயத்தை இந்தச் சித்திரையில் மறுபடியும் நடத்தப்போகிறார்கள் என்று கேள்வி. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் நடந்தபோது நானும் ஓடினேன். ஓட நினைக்கிறவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போகப் பதின்மூன்று மைல், வரப் பதின்மூன்று மைல். கையில் கொடுக்கும் நூறு இலையும் வாடாமல் வந்து சேர வேண்டும். வாடியிருந்தால் ஓடியது செல்லாது.

எனக்கு ஓட்டத்தில் ஆசை கிடையாது. மில்லில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவன், அப்போதே வயது முப்பத்தாறு. ஆசை என் தங்கை பேச்சியின் புருஷன் வீரணனுக்குத்தான். அவனுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலைதான் அவனுக்கு உலகம். பந்தயத்துக்கு முந்தைய வாரம் வெயிலில் ஓடிப் பழகியவன் வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்திருக்கிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேச்சியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அவளுக்கு அப்போது ஏழு மாதம். சத்தியத்தை மீறி என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, நீ செயிக்க வேணாம். அவுகள முன்னால விட்டுட்டுப் பின்னாலயே ஓடு, அம்புட்டுத்தேன்" என்றாள்.

அன்று பிடித்த பயம் பந்தயம் முடிகிற வரை விடவில்லை.

வெளியூர்க்காரர்கள் முதல் நாளே மதுரைக்கு வந்துவிடுவது நல்லது. வீரணன் அப்படித்தான் வந்தான். ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு மூன்றரை அணா ஆனதாம். காலை ஐந்து மணிக்குக் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு பேர் கூடினோம். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேர்ந்தபோது எட்டே முக்கால். அதற்கு மேல் அவருக்கு மாலை, பேச்சு. நான் பேச்சைக் கேட்கவில்லை, நிழல் சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கொடி இறங்கியது.

செல்லூர் தாண்டும் வரை ஜனங்கள் கை தட்டினார்கள். அதன்பின் புளிய மரங்களும் வெயிலும்தான். தார் போட்ட இடத்தில் தார் இளகிக் காலில் ஒட்டியது. ஓரத்துப் புல்லில் ஓடுங்கள், முள்ளுக்குப் பயந்து நடுவில் வராதீர்கள். பரவை ஐந்தரை மைல், சமயநல்லூர் எட்டு மைல். சமயநல்லூர் ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்தரை. அதற்குள் ஒன்பது பேர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு குத்தும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பலர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள். நான் குடித்தேன். வீரணன் துப்பினான்.

சோழவந்தானில் பதினொன்றரை. பேச்சி செம்பில் நீராகாரத்தோடு நின்றாள். வீரணன் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வெற்றிலைக் கட்டைத்தான் முதலில் சோதித்தான். வாழைச் சருகில் சுற்றி நாரால் கட்டியிருந்தார்கள். கட்டு சரியில்லை என்று அவிழ்த்துத் தானே மறுபடி கட்டினான். மீதி நீரைக் குடிக்கச் சொன்னால் அதைக் கீழே வைத்துவிட்டு, வேறு தண்ணீர் வாங்கிச் சருகின்மேல் தெளித்தான். இலைக்குத் தெளிக்கத்தான் வேண்டும், முக்கக் கூடாது, முக்கினால் அழுகிவிடும் என்று எனக்குப் பாடம் வேறு. பேச்சி அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.

திரும்பும்போதுதான் வினை. வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் அவன் கையில் வாங்கிக் கட்டின்மேல் தெளித்தான். அவன் வாய்க்கு ஒரு சொட்டுப் போகவில்லை. திட்டினேன், கெஞ்சினேன். கொடிக்கால்காரன் வாடின இலையோடு போய் நின்றால் ஊர் சிரிக்கும் என்றான். சமயநல்லூர் தாண்டியதும் அவன் முதுகைப் பார்த்தேன். காலையிலிருந்து வேர்வையில் மினுங்கிய முதுகு காய்ந்து கிடந்தது. தொட்டால் சுட்டது.

பரவைக்கு வந்தபோது அவன் நின்றான். பிறகு வந்த வழியே திரும்பி, சோழவந்தானைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.

"எங்க மாப்ள போற?"

"மடை தொறந்து கெடக்கு மச்சான். அடைச்சுட்டு வாரேன்."

அங்கே மடையும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன். சாலையோரம் ஆலமரத்தடியில் வண்டி மாடுகளுக்காகக் கட்டிய கல்தொட்டி ஒன்று உண்டு, நிறையத் தண்ணீர் இருந்தது. இறங்குடா என்றால் இறங்கவில்லை. இழுத்தால் என்னைத் தள்ளிவிட்டான். அவன் பலம் எனக்கு ஏது? அவன் கக்கத்தில் இடுக்கியிருந்த வெற்றிலைக் கட்டைப் பறித்துத் தொட்டிக்குள் வீசினேன்.

"இலை போச்சே மச்சான்!" என்று அலறிக்கொண்டு தொட்டிக்குள் பாய்ந்தான். நான் மேலே விழுந்து தோளை அமுக்கினேன். வெறும் வண்டியோடு கோரிப்பாளையம் திரும்பிக்கொண்டிருந்த பாய் ஒருவர் இறங்கி ஓடிவந்தார்.

"தோள விட்டுராதீங்க தம்பி, கால நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். கழுத்தளவு தண்ணீரில் அவனை வைத்துக்கொண்டு, தலையில் மாறி மாறி ஊற்றினோம். அரை மணி நேரம் இருக்கும். பேச்சிக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு வரவில்லை. கடைசியில் அவன் உடம்பு நடுங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இலைய முக்கிட்டீகளே" என்றான். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாய் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார், கூலி வாங்கவில்லை. வழி நெடுக வீரணன் மல்லாந்து கிடந்தபடி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைத்தான். கோரிப்பாளையத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடப்போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், தண்ணீரைவிடக் கொஞ்சம் உப்புப் போட்ட மோர் மேல். தலைத்துண்டை நனைத்துக்கொண்டே இருங்கள். ஏழு மணிக்குள் கொடி இறங்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடுங்கள். தனியாக ஓடாதீர்கள். கூட ஓடுகிறவன் வேர்வை நின்றுவிட்டால் அவன் சொல்வது எதையும் கேட்காதீர்கள்.

அந்த வருஷத்திலிருந்து வீரணன் என்னைக் கொடிக்காலுக்குள் விடுவதில்லை. மகள் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அவன் கோபம் மட்டும் தீரவில்லை. இந்தத் தடவையும் அவன் பெயர் கொடுத்திருப்பதாகப் பேச்சி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நேற்றுப் போய் என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்படியே பரவை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். தொட்டி இருக்கிறது. தண்ணீரும் நிறைய இருக்கிறது.