பக்கத்து வீட்டுப் பொங்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கினேன். என் மனைவிக்குப் புற்றுநோய். தைப்பொங்கலுக்கு முதல் நாள்தான் தஞ்சாவூரில் கீமோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். படுத்துக் கிடப்பவளை வைத்துக்கொண்டு பண்டிகை என்ன என்று, வாசலில் கோலம்கூட வேண்டாம் என்றுவிட்டேன். சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றினேன்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்தார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பொங்கல் வைக்கமாட்டோம், அக்கம்பக்கத்தார்தான் கொடுப்பார்கள். வாளியைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, நான் இன்னும் சாவலைங்க. அதுக்குள்ள துக்கம் காக்குறீங்களே!"

அவசரமாக வாசலைத் தெளித்து, அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினேன். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"தீயைக் குறைங்க. அடிப்புடிச்சா சாமி உங்களைத்தான் கேக்கும்" என்று சிரித்தாள்.

பால் பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்" என்று முதலில் சொன்னதும் அவள்தான். ஒரு வாய்தான் சாப்பிட முடிந்தது.

அடுத்த தைக்கும் அக்கா தூக்குவாளியோடு வந்தார். இந்த முறை வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், வாங்கிக்கொண்டேன்.

உடம்பு முடியாதவர் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள். "நான் இன்னும் சாவலைங்க" என்று அவள் சொன்ன வார்த்தையை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.