ஆளுக்கு ஒரு சொம்பு

காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் ரயிலேறினோம், நானும் என் தங்கை எஸ்தரும். மதுரை நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். அந்தக் காசுக்கு ரயில்வேக்காரர்கள் கரித்தூளையும் தாராளமாகத் தருகிறார்கள். கோவில்பட்டி தாண்டுவதற்குள் என் வெள்ளை வேட்டியின் நிறத்தை நானே சொல்ல முடியவில்லை. அதைப் பார்த்து எஸ்தர் சிரித்தாள். புருஷன் காய்ச்சலில் போன இந்த நான்கு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவளுக்கு ஏழாம் மாதம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் உபாத்தியாயினி வேலை கிடைத்திருந்தது, வீடுதான் கிடைத்தபாடில்லை. கடிதம் எழுதிக் கேட்ட இரண்டு இடங்களில், பிள்ளைத்தாய்ச்சி, அதுவும் தனி ஆள் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது இடம் தெற்கு வாசல் பக்கம் ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் ஒரு கிணறு, அதைச் சுற்றி ஆறு குடித்தனம், காலியாக ஓர் அறை.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு மதுரை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஜட்காக்காரர் நாலணா கேட்டார்.

“வளவுக்காரக ஒத்துக்கிட்டாகளாண்ணே?” என்றார், பாதி வழியில்.

“வீட்டுக்காரரிடம் வாடகை பேசியாகிவிட்டதே.”

“வீட்டுக்காரர் வேற, வளவுக்காரக வேற. எதுக்கும் சாயங்காலம் வண்டிய இந்தப் பக்கம் கொண்டாரேன்.”

அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொண்டேன்.

வளவில் எங்களை வரவேற்றது காளியம்மாள் என்ற அம்மாள். பெட்டிகளைத் தன் வீட்டிலேயே வைக்கச் சொன்னார். காலி அறையின் வாசலில் ஒரு வெறும் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். “மில்லு விட்டு எல்லாரும் வரட்டும், பாப்பம். அதுவரைக்கும் நீ இங்ஙன படும்மா.” எஸ்தர் படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வாசலில் வெறுங்குடம் இருப்பது உறுத்தியது. கிணற்றில் இறைத்துக் குடத்தை விளிம்புவரை நிரப்பிவைத்தேன். தங்கைக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி.

ஐந்தரை மணிக்கு மில் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் வீட்டுக்கு ஒருத்தியாகப் பெண்கள் சொம்பில் தண்ணீரோடு வந்தார்கள். குடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இதுல ஆரு தண்ணி விட்டது?” என்று காளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான்தான்.”

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இந்த வளவில் புதுக் குடித்தனம் வரவேண்டுமானால் ஒவ்வொரு வீடும் அந்தக் குடத்தில் ஒரு சொம்பு ஊற்றவேண்டும். ஒரு வீடு ஊற்றாவிட்டாலும் ஜட்காவைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். பொன்னுத்தாய் என்று பெயர். மில்லில் நூல் சுற்றுகிறவள்.

“அதான் வழியவழிய ரொப்பிட்டீகளே! பெறகு எங்கள எதுக்குக் கேக்கணும்?”

“தெரியாமல் செய்துவிட்டேன். என் தங்கைக்கு நான் ஒரு குடம் தண்ணீர் நிரப்பக்கூடாதா?”

“நீங்க நாளைக்கு ரயிலேறிருவீக. இவளுக்கு அகாலத்துல வலி எடுத்தா ஓடுறது நாங்கதானே? அதுக்குத்தான் ஆளுக்கு ஒரு சொம்பு. போன வருசம் இதே ரூமுல ஒருத்திக்கு ஓடினோம். புள்ளையும் தங்கல, அவளும் தங்கல. இன்னொருக்கா அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

பேச்சுச் சத்தத்தில் எஸ்தர் எழுந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நேரே போய்க் குனிந்து, நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“இது எனக்கு நீங்க ஊத்தின தண்ணி இல்லக்கா. கிணத்துலேயே விட்டுட்டு வாரேன்.”

இரண்டடி வைப்பதற்குள் பொன்னுத்தாய் பாய்ந்து வந்து குடத்தைப் பிடுங்கினாள். “ஏ புள்ள! மாசமா இருக்கவ இம்புட்டுப் பாரத்தத் தூக்குவியா? ஒனக்குச் சொல்றதுக்கு ஆளே இல்லையா?”

சொன்ன பிறகு அவளே அசந்து நின்றாள். பொன்னுத்தாய் குடத்தைக் கிணற்றடித் தொட்டியில் கவிழ்த்து, வெறுங்குடத்தைத் திரும்ப வாசலில் வைத்தாள். யாரும் அசையவில்லை. வெளியே தெருவில் ஜட்கா வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் தன் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். ஒரு சொம்போடு வந்து, கிணற்றில் இறைத்து, முதல் ஆளாக ஊற்றினாள்.

“ஊத்துங்க, எதுக்கு நிக்கிறீக?” என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

ஆறு சொம்பும் விழுந்தும் குடம் பாதிகூட நிறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜட்காக்காரர் வெறும் வண்டியோடு சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணி ரயிலில் ஊர் திரும்பினேன். திருப்பரங்குன்றம் தாண்டியும் மனசு வளவிலேயே கிடந்தது. எஸ்தரை மதுரைக்கு அனுப்புவது என்று எங்கள் வீட்டில் முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு நேரத்தில். அப்பா சொன்னார், பெரியண்ணன் சரி என்றார். அவள்தான் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார்கள். ஒருவர் மறுத்திருந்தால் போதும், அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.