மாசியில் முந்திரிகை வெட்டியது

மழை விட்டு மண் காய்ந்ததும் முந்திரிகைக் கொடியை வெட்ட வேண்டும். திராட்சையைத்தான் எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். வெட்டாமல் விட்டால் கொடி இலையாகவே ஓடும்; குலை வராது. ஓர்ஸ் ஹில் வீட்டுப் பின்வளவில் பைப்பும் கம்பியுமாய்ப் பந்தல் போட்ட நாளிலிருந்து அந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. இந்த மாசியில் மட்டும் ஏலாமல் போயிற்று. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தார்கள். எலும்பு பொருந்தும்வரை கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை மனைவி ஏணியில் ஏறினாள். நான் கீழே கதிரையில், இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணையுடன் இருந்தேன். இருந்தேன் என்பது சரியில்லை. எழும்பினேன், சுற்றி வந்தேன், மறுபடி இருந்தேன்.

முற்றிக் கபில நிறமான கொப்பை விரலால் தடவிக் கணுக்களைப் பார்த்து, நாலாவது கணுவுக்குச் சற்று மேலே சாய்த்து வெட்ட வேண்டும். நல்ல கொப்பு ஒரே அழுத்தத்தில் விட்டுவிடும். அதைக் கை உணர்வது ஒரு சுகம். இப்போது எனக்குச் சத்தம் மட்டும்தான் கிடைத்தது.

"அதில்லை. அதுக்குப் பக்கத்தில நிக்கிறது."

"எது?"

"தடிச்சது. இல்லை, இல்லை, அது தாய்க்கொடி."

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒண்டைச் சொல்ல நான் இன்னொண்டை வெட்டப்போறன். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ."

இலைகள் என் தலையில் விழுந்தன. பந்தலுக்கூடாக வானம் தெரியத் தெரிய, இவள் கூடுதலாக வெட்டுகிறாள் என்ற பயம் ஏறியது.

கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். மனைவி கத்தரியை ஏணிப்படியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். காய்ந்த கொப்பொன்று கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. கத்தரியை எடுத்தேன். கை காதுக்கு மேலே போனதும் நெஞ்சுக்குள் யாரோ தையலைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. கொப்பு விழுந்தது. நான் மூச்செடுக்க முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை. என்னைக் கதிரையில் இருத்தி, தலையணையைத் தந்து, மூச்சு சீராகும்வரை முதுகில் கை வைத்திருந்தாள்.

"நோகுதோ?"

"இப்ப இல்லை."

"நான் பழத்துக்காகவோ இதில ஏறி நிக்கிறன்? நீங்கள் ஏறிப்போடுவீங்கள் எண்ட பயத்திலதான்."

"கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியேல்லை" என்றேன்.

அவள் வெட்டிய கொப்புகளை வாரி என் மடியில் போட்டாள். "அப்ப இதுகளைத் துண்டாக்குங்கோ. பையில நட்டுப் பாப்பம்." சின்னக் கத்தரி ஒன்றையும் கொண்டுவந்து தந்தாள். மடியில் வைத்து வெட்டுவதற்குக் கையை உயர்த்தத் தேவையில்லை. மேலே அவளும் கீழே நானுமாக மத்தியானம்வரை வெட்டினோம். இடையில் இரண்டு தரம் "அது வேண்டாம்" என்பது வாய்வரை வந்தது. ஒரு தரம் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் வெட்டுவாயெல்லாம் நீர் சொட்டியது. வழமைதான் என்று தெரிந்தும் போய்ப் போய்ப் பார்த்தேன். பந்தலில் நிழல் இல்லாததால் கதிரையை மதிலோரமாகத் தள்ளித் தள்ளித் திரிந்தேன். பிறகு மொட்டுகள் வெடித்தன. மேற்குப் பக்கம் அவள் ஒட்ட வெட்டிய இடத்தில் பூவே வரவில்லை. நான் பயந்தது சரிதான். ஆனால் அதைச் சொல்லிக் காட்ட மனம் வரவில்லை. மற்றப் பக்கத்தில் வைகாசியில் குலைகள் தொங்கின, கொஞ்சம் புளிப்பாக. பையில் தளிர்த்த கன்றுகளில் இரண்டைப் பக்கத்து வீட்டு உம்மா கிண்ணியாவிலுள்ள மகளுக்குக் கொண்டுபோனா.

இப்போது என்னால் கையை உயர்த்த முடியும். டாக்டரும் ஓம் என்கிறார். அடுத்த வெட்டு நெருங்குகிறது. யார் ஏணியில் ஏறுவது என்ற கதை மட்டும் வீட்டில் இன்னும் முடியவில்லை.